உடும்பர் வண்டிகளும் என் வலது காலும்

மக்களுக்கு எந்த வண்டி பிடிக்கும் என்பதை மக்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கெட்ட பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. உடும்பு வாகன விருப்ப வாரியம் என்று பெயர்.

உடும்பர் எங்கள் ஊரின் சாகச வீரர். பச்சை முகமூடி, முதுகில் செதில், எந்தச் சுவரையும் பற்றி ஏறும் கைகள். உடும்பர் என்றைக்கும் ஒருவரே என்பது வாரியத்தின் நிலைப்பாடு. முகமூடிக்குள் இப்போது இருப்பவர் நான்காவது ஆள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்காகச் செய்யப்பட்ட வண்டிகளில் ஒவ்வொரு பத்தாண்டிலும் மக்களின் மனங்கவர்ந்த வடிவம் எது என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டுபோய் மண்டபத்தில் நிறுத்தி, சுற்றிலும் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டுவது வாரியத்தின் வேலை. கண்டுபிடிக்கும் முறை எளிது. வியப்பு அலுவலர் என்று ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார். அவர் ஒரு வண்டியைப் பார்த்து வாய்விட்டு வியந்தால் மக்கள் வியந்ததாகப் பொருள்.

அந்த வரிசையில் என் வண்டியும் சேரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என்னுடையது பழுப்பேறிய சின்ன வெள்ளைக் கார். கூரையில் 'பழகுநர்' என்று ஒரு பலகை. நான்கு மூலையிலும் நசுங்கல். ஒவ்வொன்றும் ஒரு மாணவரின் நினைவு. ஓட்டுபவர் பக்கம் மூன்று பெடல்கள், பக்கத்து சீட்டில் உட்காரும் என் பக்கம் இரண்டு: ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த பிரேக்கின் மேல்தான் என் வலது கால் வாழ்கிறது. மாணவர் எதிரே வரும் லாரியைப் பார்க்கும்முன் என் கால் பார்த்துவிடும். வண்டியைவிட்டு இறங்கிய பிறகும் அது அந்த வேலையை விடுவதில்லை. அடுப்பில் பால் பொங்கினால் அழுத்தும். யாராவது உரக்கச் சிரித்தால்கூட அழுத்தும். ஒரே கட்டிலில் படுக்கும் என் தங்கை காலையில் எழுந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "ஏன்க்கா, தூக்கத்துலயும் என் காலைப் போட்டு மிதிக்கணுமா?"

தங்கைதான் பள்ளியின் அலுவலகம். அதாவது எங்கள் முன்னறை. தொலைபேசி எடுப்பாள், நேரம் ஒதுக்குவாள், பயந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்க அவள் சேர்த்த உடும்பர் வண்டிப் படங்கள். ஒருநாள் காலை அவள் தண்ணீர் டம்ளரோடு சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா! வந்திருக்காரு! செதில் நெஜமாவே இருக்குக்கா!"

முன்னறையில், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், உடும்பர் உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவரிடம் வந்தவர்போல் கைகளை மடியில் வைத்திருந்தார்.

"நீங்க... கியர் வண்டி சொல்லிக்குடுப்பீங்களா?"

"உங்களுக்கா?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து பஸ்தாங்க. புது வண்டி செஞ்சு தருவாங்க. தர்றதுக்குள்ள அது வாரியத்துக்குப் பிடிச்சுப் போயிடும். பிடிச்சா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அப்ப திருடனையெல்லாம் எப்படிப் பிடிக்கிறீங்க?" என்றாள் தங்கை.

உடும்பர் தலைகுனிந்தார். "போன வாரம் அவனும் நானும் ஒரே பஸ்ஸு. அவனுக்கு சீட்டு கெடைச்சுது."

"பக்கத்துலயே இருந்தும் பிடிக்கலியா?"

"கம்பியை விட்டா விழுந்துடுவேங்க. எறங்கற எடம் வரட்டும்னு காத்திருந்தேன். அவன் முன்னாடியே எறங்கிட்டான்." பிறகு ஜன்னல் வழியாக வாசலில் நின்ற என் காரை நம்பிக்கையோடு பார்த்தார். "அதான், யாருக்குமே பிடிக்க வாய்ப்பில்லாத வண்டியாப் பாத்து, அதுல பழகிக்கலாம்னு வந்தேன்."

எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது.

உடும்பரின் சிக்கல் அவருடைய பிடி. முதல் நாளே ஸ்டியரிங் கையோடு கழன்று வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதை எங்க வைக்கணுங்க?" என்று கேட்டார். மெக்கானிக் திரும்பப் பொருத்திக் கொடுத்தார். "கோழிக்குஞ்சு மாதிரி பிடிக்கணும் சார்" என்று நான் சொல்லிச் சொல்லி, மூன்றாவது வாரம் அவர் ஓரளவு தேறினார். கண்ணாடி பார்ப்பார், இண்டிகேட்டர் போடுவார், நடைபாதையில் ஏறினால் மன்னிப்புக் கேட்பார். சாகச வீரர்களைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தவறு. அவர்களும் இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

அன்று வாரியக் கட்டடத்தைக் கடந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒருவன் யாருடைய கைப்பையையோ பிடுங்கிக்கொண்டு ஓடினான். உடும்பர் நான் கற்பித்தபடியே செய்தார். கண்ணாடி பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். பிறகு கதவைத் திறந்து வெளியே பாய்ந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டுப் பாய வேண்டும் என்ற பாடத்துக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

ஆளில்லாத ஸ்டியரிங்கோடு கார் போய்க்கொண்டிருந்தது. எதிரே கையில் டீ கிளாஸோடு ஒருவர் சாலையைக் கடந்தார். என் கால் அவரை எனக்கு முன்பே பார்த்துவிட்டது. அவருடைய முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது கார் நின்றது.

"ஐயோ!" என்று அவர் கத்தினார். டீ அவர் சட்டையில் கொட்டியது.

வாரியத்தின் மாடி ஜன்னல் திறந்தது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டிய ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். வாரியச் செயலாளர்.

"யாரு வியந்தது?"

"நான்தான் மேடம்" என்றார் டீ கிளாஸ்காரர். அவர்தான் வியப்பு அலுவலர்.

"பதவி முறையிலயா, சொந்த முறையிலயா?"

அவர் ஈரக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அலுவல் நேரம்தான் மேடம்."

"அப்ப பதவி முறைதான். யாரும் அசையாதீங்க!"

செயலாளர் அம்மாள் படியிறங்கி வருவதற்குள் ஊழியர்கள் வெல்வெட் கயிற்றோடு வந்து காரைச் சுற்றிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"மேடம், அவர் ஆஹான்னு சொல்லலீங்க. ஐயோன்னு சொன்னாரு."

"வாய் தொறந்துச்சா இல்லியா?"

"தொறந்துச்சு."

"அப்புறம் என்ன? உள்ளேர்ந்து வர்றது என்ன வார்த்தைன்னு பாக்கறது எங்க வேலை இல்லைம்மா. உடும்பர் ஓட்டிட்டு வந்த வண்டிதானே, இந்தப் பத்தாண்டோட மக்கள் விருப்பம் இதுதான். வாழ்த்துக்கள்."

நான் இறங்கப் போனேன்.

"காலை எடுக்காதீங்க!" என்று அலறினார் அம்மாள். வியந்த நிலையில் அப்படியே பேணுவது வாரியத்தின் முதல் கொள்கையாம். வியப்பு நிகழ்ந்தபோது வண்டியில் என்னென்ன எப்படியெப்படி இருந்ததோ அப்படியே மண்டபத்தில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் இருக்கை காலி. இண்டிகேட்டர் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் நடுவயதுப் பெண் ஒருத்தி, வலது கால் பிரேக்கின் மேல்.

"நானுமா?"

"பத்து மணிக்கு வந்துடுங்க. அஞ்சு மணிக்குப் போயிடலாம். கண்ணை மட்டும் கொஞ்சம் பெருசாத் தொறந்து வெச்சுக்கங்க, அப்ப அப்படித்தான் இருந்துச்சு."

திறப்பு விழாவரை எனக்குக் கால் விடுப்பு தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காரைத் தரவில்லை.

தங்கை முதலில் குதித்தாள். "ஃபிரிட்ஜ்ல ஒட்ட உன் படமும் வரும்க்கா!" பிறகு குதிப்பதை நிறுத்தினாள். "இரு. அப்ப நாளைக்கு யாரு கிளாஸ் எடுக்கறது? எதுல எடுக்கறது?" எங்களிடம் இருந்தது ஒரே கார். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவளும் ஒருத்திதான். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒரு தொலைபேசியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்.

மறுநாள் இருவருமாக வாரியத் தலைவரிடம் முறையிடப் போனோம். செயலாளர் அம்மாள் மண்டபத்தின் வழியாகவே அழைத்துப் போனார். மண்டபத்தைப் பார்க்காதவர்கள் தலைவரைப் பார்க்க முடியாதாம்.

அறுபதுகளின் வண்டிக்கு ஒரு வீட்டு நீளத்துக்கு வால் இருந்தது. திரும்பும்போதெல்லாம் வால் பக்கத்துத் தெருவைப் பெருக்கும். எழுபதுகளின் வண்டிக்கு முன்னால் ரப்பர் நாக்கு. திருடனைச் சுருட்டி இழுப்பதற்காகச் செய்தது, பழக்கதோஷத்தில் தபால்காரர்களையே இழுத்தது. எண்பதுகளில் பின்பக்கம் ராக்கெட் வைத்தார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு தெருவின் துணிகள் காய்ந்தன, சில சமயம் கருகின. தொண்ணூறுகளின் வண்டிக்கு மார்பும் புஜமும் இருந்தன. அவற்றால் கதவு திறக்காது. அதற்கடுத்தது பீரங்கி வண்டிபோல் ஒரு பூதம். அது துரத்திய திருடர்கள் தப்பினார்கள், அது போன சாலைகள் தப்பவில்லை. ஒவ்வொரு வண்டியையும் உள்ளே கொண்டுவர மண்டபத்தின் சுவரை இடித்திருந்தார்கள். பூச்சு வேறுவேறு நிறத்தில் தெரிந்தது. மறுகோடியில் ஒரு திரை, அதன் பின்னால் ஒரு கதவு. டீ வருகிற கதவு என்றார் அம்மாள்.

தங்கை அறுபதுகளின் வாலருகே நின்று கண்கலங்கினாள். "எனக்கு எப்பவும் இதுதான் மேடம் பிடிக்கும்."

"அது வந்து உங்களுக்குப் பிடிச்சது. மக்களுக்கு இருக்கறதுலயே ரொம்பப் பிடிச்சது அதோ, நாக்கு வண்டி."

"நானும் மக்கள்தானே மேடம்?"

அம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "தனித்தனியா வந்தா அப்படிச் சொல்ல முடியாதும்மா."

தலைவர் குள்ளமாக, சுத்தமாக, புதிதாகச் சீவிய பென்சில்போல் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வண்டி போனா உங்க பொழப்பு போகும். புரியுது. ஆனா பாருங்க, ஓடற வண்டியால நாலு பேருக்குத்தான் பயன். நிக்கிற வண்டியால ஊருக்கே பெருமை. நாங்க எடுத்த எந்த வண்டியாவது இதுவரைக்கும் விபத்துல மாட்டியிருக்கா? எந்தத் திருடனாவது எங்க வண்டியால காயப்பட்டிருக்கானா? அதான் பாதுகாப்பு."

"உடும்பர் எப்படி சார் போவாரு?"

"அதான் பஸ் விடறோமே!"

"இந்த வண்டி யாருக்குமே பிடிக்கலைன்னு நான் நிரூபிச்சா?"

"அதுக்கு வெறுப்புப் பிரிவுன்னு ஒண்ணு வெச்சிருந்தோம். யாருக்கும் பிடிக்கலை, மூடிட்டோம்."

எழுந்தோம். வாசல்வரை வந்த தலைவர் தங்கை முன்னால் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரு சந்தேகம். அந்த மூணு பெடல்ல நடுவுல இருக்கறது எதுக்கு?"

"பிரேக் சார்."

"ஓ" என்றார். ஏதோ பிரியமானவரின் பெயரைக் கேட்டதுபோல் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை வண்டிகளுக்கு நடுவில் வாழ்ந்த இந்த மனிதர் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.

விழா நாளில் எனக்கு ஒரு புடவை கொடுத்தார்கள், வியப்பு நிகழ்ந்தபோது நான் கட்டியிருந்த அதே நிறம். வாரிய வழக்கப்படி தலைவர்தான் புதிய விருப்பத்தை மண்டபத்துக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதுவரை வண்டிகளைப் பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்களாம், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் புன்னகைப்பாராம். இந்த முறை செயலாளர் அம்மாள் ஆட்களை நிறுத்திவிட்டார். "இத்தனூண்டு வண்டி. இதைத் தள்ளினா வாரியத்துக்குத்தான் அவமானம்."

நான் பக்கத்து இருக்கையில் கண்ணைப் பெரிதாகத் திறந்து, வலது கால் பிரேக்கில் வைத்து, விதிப்படி அமர்ந்திருந்தேன். முன்வரிசையில் தங்கையும் உடும்பரும். உடும்பர் குற்றவுணர்ச்சியில் தன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். பாண்டு வாசித்தார்கள். தலைவர் பட்டு அங்கியும் தொப்பியுமாக ஏறி அமர்ந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார், உதடு அசையாமல், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

"அது தெரியும் சார். சாவியைத் திருப்புங்க. வலது பக்கம் இருக்கறதை மெதுவா அழுத்துங்க. கிளட்ச்சையும் கியரையும் நான் பாத்துக்கறேன்."

அவர் மெதுவாக அழுத்தவில்லை. இன்ஜின் உறுமியது. கூட்டம் கைதட்டியது. கார் அசையவில்லை.

பாண்டு நின்றது. செயலாளர் அம்மாள் ஒலிபெருக்கியில், "தலைவர் சிந்திக்கிறார்" என்றார். பாண்டு மறுபடி தொடங்கியது. இன்ஜின் மறுபடி உறுமியது. கார் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

"ஏன்மா போகலை?"

"என் கால் பிரேக் மேல இருக்கு சார்."

"எடுங்களேன்."

"வியந்த நிலை சார். எடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். அவர் சற்றும் கலையாத முகத்தோடு தலையாட்டினார்: எடுக்கக் கூடாது. தலைவர் மண்டபத்தைப் பார்த்தார்: உள்ளே போக வேண்டும். எனக்கு அந்தக் கணத்தில் ஒரு கெட்ட மகிழ்ச்சி வந்தது. நான் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். விதியைப் பின்பற்றியே விழாவைக் கெடுத்துவிடலாம். இத்தனை வருடமும் என் கால் செய்துவந்தது இதைத்தானே? எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. அதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் எதுவும் நடக்காமல் போனால், நாளையும் நான் இங்கேதான் இருப்பேன், பத்து முதல் ஐந்து வரை, கண்ணைத் திறந்துகொண்டு.

தலைவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். கோழிக்குஞ்சைத் தடவுவதுபோல. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எடுங்கம்மா" என்றார் மிகவும் சின்னக் குரலில். "விதியை நான் பாத்துக்கறேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேனே."

எடுத்தேன். கிளட்ச்சையும் விட்டேன். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டேன். உடம்பே லேசாகிவிட்டது.

கார் பாய்ந்தது. வெல்வெட் கயிறு அறுந்து பின்னால் கொடியாகப் பறந்தது. அறுபதுகளின் வாலுக்கும் எழுபதுகளின் நாக்குக்கும் நடுவே புகுந்தோம். நாக்கு சட்டென்று நீண்டு தலைவரின் தொப்பியைச் சுருட்டிக்கொண்டது. ராக்கெட்டைச் சுற்றினோம், புஜத்தில் உரசினோம். என் காருக்கு ஐந்தாவது நசுங்கல். 

"பிரேக்! பிரேக்!" என்று கத்தினார் தலைவர்.

"நடுவுல இருக்கறது சார்!"

"தெரியும்!" என்றார். ஆனால் அழுத்தவில்லை. பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே திரை வந்தது. திரைக்குப் பின்னால் டீ வருகிற கதவு, விழாவுக்காக அகலத் திறந்து வைத்திருந்தது. மண்டபத்திலிருந்த எந்த வண்டியும் அந்த வழியாகப் போக முடியாது. வாலும் நாக்கும் மார்பும் இல்லாத, யாருக்கும் பிடிக்க வாய்ப்பில்லாத என் கார் மட்டும் போகும். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடங்க, போயிற்று.

வெளியே தெருவில் வெயில். வியப்பு அலுவலர் கூட்டத்துக்குப் பயந்து அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தலையில் திரை, பின்னால் சிவப்புக் கயிறு, டிக்கியின் மேல் எப்படியோ தாவி வந்து ஒட்டிக்கொண்ட உடும்பர், ஜன்னலில் குழந்தைபோல் சிரிக்கும் தலைவர் என்று என் கார் அவரைத் தாண்டிப் போனது. கிளாஸ் அவர் கையிலிருந்து நழுவியது.

"ஆஹா!" என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு தானாக வந்த முதல் ஆஹா அதுதான் என்று பிறகு தங்கையிடம் சொன்னாராம். அலுவல் நேரம் என்பதையும் சேர்த்துச் சொன்னாராம்.

வாரியம் அவசரமாகக் கூடியது. பிந்தைய வியப்பு முந்தைய வியப்பை ரத்து செய்யும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வியந்த நிலையில் அப்படியே பேண வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. வியந்த நிலை எது? தெருவில், ஓடிக்கொண்டிருக்கும் நிலை. ஆகவே அந்த வண்டியை மண்டபத்தில் நிறுத்துவது கடுங்குற்றம் என்று செயலாளர் அம்மாளே தீர்மானம் எழுதினார். அதை இனி ஓட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பக்கத்து இருக்கைப் பெண்ணின் கால் பிரேக்கின் மேல் இருக்கக் கூடாது. பெட்ரோல் வாரியத்தின் செலவு.

இப்போது காலையில் முதல் வகுப்பு தலைவருக்கு. உடும்பர் பின் இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருப்பார்.

"சார், அதோ திருடன் போறான். லெஃப்ட்ல திருப்புங்க."

"இருப்பா, கண்ணாடி பாக்கறேன். அவசரப்பட்டா ஓட்ட வராதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

திருடனும் சிக்னலில் நின்று திரும்பிப் பார்க்கிறான். எங்கள் வண்டி அவனுக்கும் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை தங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்டி?"

"மிதிக்கவே இல்லியே."

நான் அடுப்பில் வைத்துவிட்டு வந்து மறுபடி படுத்த பால் பொங்கி வழியும் வாசனை சமையலறையிலிருந்து வந்தது. இருவரும் தெரிந்தும் தெரியாததுபோல் அப்படியே இருந்தோம்.